கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்தைப் பற்றி எழுதுவது எப்படி?

கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்குப் பிறகு வந்த கட்டுரைகளில் பல அந்தச் செய்தியில் தொடங்கி அதிலேயே முடிந்துவிடுகின்றன. சிலை வாங்க நினைப்பவருக்கோ தொழில் கற்க வருபவருக்கோ அவற்றால் பெரிய பயன் இல்லை.

பட்டறைக்குப் போகிறவரின் கண் முடிந்த சிலையில் போய் நிற்பது இயல்பு. எழுத வேண்டியதோ பெரும்பாலும் மூலையில் அடுக்கிய கட்டைகளிலேயே தொடங்குகிறது. வாகையா, தேக்கா? நன்றாக உலர்ந்ததா? ஈரம் வற்றாத கட்டையில் செதுக்கிய சிலை, வாங்கியவர் வீட்டுக்குப் போன பிறகு வெடிக்கும். வைரம் பாய்ந்த பகுதியைவிட வெளிறில் பூச்சி சீக்கிரம் ஏறும். இந்த இரண்டு தகவல்களும் ‘கண்ணைக் கவரும் கலைநயம்’ என்று பத்து முறை எழுதுவதைவிட மேல். அடுத்து வேலையின் வரிசை: உருவத்தை வரைந்து கட்டைக்கு மாற்றுவது, வேண்டாத பகுதியை உளியும் கொட்டாப்புளியும் கொண்டு தள்ளுவது, முகமும் நகைகளும் நுணுக்குவது, உப்புத்தாள் தேய்ப்பது, மெருகு பூசுவது. எந்தக் கட்டத்தில் இயந்திரம் வருகிறது என்பதையும் கேட்டு எழுத வேண்டும். கேட்கச் சங்கடமான கேள்விதான். விலை வித்தியாசம் அதில்தான் இருக்கிறது.

அளவுகளில் தவறு எளிதில் நுழையும். சிற்ப சாத்திரத்தில் ‘உத்தம தசதாலம்’ என்ற அளவுமுறைப்படி உருவத்தின் உயரம் 124 அங்குலம். இதை அப்படியே எழுதினால், பத்தடிக்கு மேற்பட்ட சிலை என்று வாசகர் நினைப்பார். இந்த அங்குலம் நாடாவில் அளக்கும் அங்குலம் அல்ல. உருவத்தின் உயரத்தையே 124 பங்காக்கினால் வரும் ஒரு பங்கு. ஒரு சாண் சிலைக்கும் அதே 124 பொருந்தும்.

புவிசார் குறியீடு தரச் சான்று அல்ல. ஊருக்கும் தொழிலுக்கும் உள்ள உறவைப் பதிவு செய்வது. பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியது. அந்தப் பெயரைச் சட்டப்படி பயன்படுத்தக் கைவினைஞர் தனியே பதிவு செய்துகொள்ள வேண்டும். பட்டறையில் இதைக் கேட்காமல் எழுதிய கட்டுரை அரைகுறைதான்.

மரச்சிற்பத்தோடு சுற்றுவட்டாரத்தையும் எழுதுவதானால், மேற்கே உள்ள கல்வராயன் மலையைப் பற்றிய பகுதிக்கு இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். 2024 ஜூனில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. பலர் கள்ளக்குறிச்சி நகரத்துக் கருணாபுரத்துக்காரர்கள். அதன்பின் வந்த சில எழுத்துகளில் மலை முழுவதுமே சாராயக் கணக்கில் சேர்ந்துவிட்டது. அந்த மலையில் மூன்று ஜாகீர்களின் (பரம்பரை நிலமானியங்களின்) ஆட்சி 1976 வரை நீடித்ததைச் சொல்லாமல், மலையின் பின்தங்கிய நிலையை வாசகருக்கு விளக்க முடியாது.

சிலையின் விலையை எழுதினால் மரம், உயரம், மாதம், ஆண்டு நான்கையும் சேர்த்து எழுதுங்கள். அச்சுக்கு அனுப்புமுன் தொழில்நுட்பப் பகுதியை மட்டுமாவது பட்டறையில் வாசித்துக் காட்டுங்கள்.