கேட்டுக் கற்ற குரல்

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் ஹை பாயிண்ட் என்னும் நகரம் உள்ளது. மரச்சாமான் தொழிலால் பெயர்பெற்ற ஊர் அது. ஜாஸ் இசைமேதை ஜான் கோல்ட்ரேன் வளர்ந்ததும் அங்கேதான். அவ்வூரில் 1984ஆம் ஆண்டு பிறந்தவர் ஃபேன்டேசியா பாரினோ. பாட்டியும் தாயும் தேவாலயப் போதகர்கள். குழந்தைப் பருவத்திலேயே அவர் ஆலயத்தில் பாடத் தொடங்கிவிட்டார்.

'ஸோல்' எனப்படும் ஆன்ம இசைக்குக் கறுப்பின மக்களின் ஆலயமே தாய்மடி. பாடுபவர் ஓரடி எடுத்துக் கொடுப்பார். சபையோர் கைதட்டி எதிர்க்குரல் கொடுப்பர். அடுத்த அடி எப்படி வளரும் என்பதை அந்நேரத்து உணர்ச்சியே முடிவு செய்யும். குரல் கம்மினாலும் உடைந்தாலும் அது குறையன்று; உடைகின்ற இடத்தில்தான் பாட்டு கேட்போரின் நெஞ்சைத் தொடுகிறது. இவ்விசையைக் கற்க ஏடு வேண்டியதில்லை, செவி போதும். நம் முன்னோர் கேள்விஞானம் என்று சொன்னது இதைத்தான். ஃபேன்டேசியாவிடம் அது நிறைந்திருந்தது. ஏட்டுக்கல்வியோ இடையிலேயே அறுந்துபோயிற்று. பள்ளியிலிருந்து விலகிய அவர், பதினேழாம் வயதில் ஒரு பெண் குழந்தைக்குத் தாயானார்.

2004இல் 'அமெரிக்கன் ஐடல்' தொலைக்காட்சிப் போட்டியின் மூன்றாம் பருவத்தில் அவர் பங்கேற்றார். ஒரு சுற்றில், கெர்ஷ்வின் இசையமைத்த 'சம்மர்டைம்' என்னும் பழைய தாலாட்டை மேடைத் தரையில் அமர்ந்தபடி பாடினார். அப்போட்டியின் வரலாற்றில் இன்றும் பேசப்படும் பாட்டு அது. இறுதிச் சுற்றில் ஏறத்தாழ ஆறரைக் கோடி வாக்குகள் பதிவாயின. பத்தொன்பது வயது ஃபேன்டேசியா வென்றார். அவருடைய முதல் தனிப்பாடல் வெளிவந்ததும் பில்போர்டு பட்டியலின் முதலிடத்திலேயே நுழைந்தது. முதற்பாடலிலேயே அவ்விடத்தில் நுழைந்த முதற்கலைஞர் அவரே.

அந்த ஒளிவெள்ளத்திற்குள் ஓர் இருட்டு இருந்தது. அவருக்குச் சரளமாகப் படிக்கத் தெரியாது. நிகழ்ச்சியில் கையில் கொடுக்கப்பட்ட உரைத்தாள்களைப் படிப்பதுபோல் பாவனை செய்தார். வெற்றிக்குப் பின் வந்த ஒப்பந்தங்களில், உள்ளே இருப்பது இன்னதென்று அறியாமலே கையொப்பமிட்டார். பல்லாயிரம் பேர் நடுவில் தயங்காத குரல், ஒரு தாளின் முன் ஒடுங்கியது.

இதனை 2005இல் அவரே உலகறியச் சொன்னார். தன் வாழ்க்கை வரலாற்றை அவர் வாய்மொழியாகச் சொல்ல, வேறொருவர் எழுத்தாக்கினார். மகளுக்குக் கதை படித்துக்காட்ட இயலாததே பெருந்துயரம் என்றும், படிக்கக் கற்கத் தொடங்கியிருப்பதாகவும் தெரிவித்தார். புகழின் உச்சியில் நிற்பவர் தம் குறையை இவ்வாறு வெளிப்படச் சொல்வது அரிது. போட்டியில் பெற்ற வெற்றியினும் இதுவே பெரிது எனலாம். அவர் பிறந்த மாநிலத்தின் பழைய வரலாற்றையும் இங்கே நினைவுகூர வேண்டும். அடிமைகளுக்கு எழுத்தறிவு புகட்டுவதைக் குற்றமாக்கி 1830இல் சட்டம் இயற்றிய மாநிலம் அது. சட்டம் மறைந்தது; ஆயினும் வறுமையிலும் புறக்கணிப்பிலும் அதன் நிழல் எஞ்சி நின்றது.

2007இல் நியூயார்க்கின் பிராட்வே அரங்கில் 'தி கலர் பர்ப்பிள்' இசைநாடகத்தின் நாயகி வேடம் அவருக்குக் கிடைத்தது. ஆலிஸ் வாக்கர் எழுதிப் புலிட்சர் பரிசு பெற்ற புதினம் அதன் மூலம். நாயகி செலி வதைபட்டு வளர்ந்தவள். தங்கை நெட்டியிடம் எழுத்துக் கற்றவள். நடிப்பவர் வாழ்வும் பாத்திரத்தின் வாழ்வும் இவ்வளவு நெருங்கியது நன்மையா, தீமையா என்று சொல்வது எளிதன்று. மேடையில் அவர் பாடியதைத் திறனாய்வாளர்கள் வியந்து எழுதினர். அதே வேளையில், அப்பாத்திரத்தின் துயரைத் தினந்தோறும் சுமந்தது அவரை வாட்டியது. உடல்நலக் குறைவால் பல காட்சிகளுக்கு அவர் வர இயலாமற் போயிற்று.

தொலைக்காட்சிப் போட்டி குரலை ஓரிரவில் ஊரறியச் செய்கிறது. அப்புகழைத் தாங்கும் வலிமையை அது தருவதில்லை. அதே பருவத்தில் ஏழாம் இடத்தோடு வெளியேறிய ஜெனிஃபர் ஹட்சன் மூன்றாண்டுகளுக்குள் ஆஸ்கர் விருது பெற்றார். வென்றவரோ பொருள் நெருக்கடியும் மனத்துயரும் கடந்து, மெல்ல மெல்லத் தம் இசைக்குத் திரும்ப வேண்டியிருந்தது. 'பிட்டர்ஸ்வீட்' பாடலுக்காக 2011இல் கிராமி விருது அவரை வந்தடைந்தது.

பின்னர் அந்த இசைநாடகம் திரைப்படமாகத் திட்டமிடப்பட்டபோது, செலியாக நடிக்க முதலில் மறுத்தார். பழைய வலி அவருக்கு மறக்கவில்லை. இயக்குநர் பிளிட்ஸ் பசாவுலே, இம்முறை செலியின் கற்பனை உலகமும் படத்தில் இருக்கும் என்று விளக்கிய பின்னரே இசைந்தார். படம் 2023 டிசம்பரில் வெளிவந்தது. கோல்டன் குளோப் பரிந்துரைப் பட்டியலிலும் அவர் பெயர் இடம்பெற்றது. கதையில், கணவன் நெடுங்காலம் ஒளித்துவைத்த தங்கையின் கடிதங்கள் ஒருநாள் செலியின் கைக்கு வருகின்றன. அவற்றை அவள் தானே படிக்கிறாள்.