காரில் ஓர் இடம்

பிரயாணத்தில் முக்கால் பங்கு வீட்டுத் திண்ணையிலேயே நடந்து முடிந்துவிடுகிறது. மிச்சமிருக்கும் கால் பங்குக்குத்தான் கார், பெட்டி, பெட்ரோல் எல்லாம்.

எங்கள் திருவேங்கடத்துக்காரர்களுக்குக் கடல் என்றால் ஒரு தனிக் கிறுக்கு உண்டு. கரிசல் காட்டில் பிறந்தவன் தண்ணீரை அண்ணாந்து பார்த்தே பழகியவன். மேகம் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. யாரும் வேண்டாமல், வரி கட்டாமல், அவ்வளவு தண்ணீர் ஓரிடத்தில் சும்மா கிடக்கிறது என்பதை அவன் மனம் லேசில் ஒப்புக்கொள்வதில்லை. ஆகவே, சென்ற கோடை விடுமுறையில் குடும்பத்தோடு கடற்கரை வழியாகக் காரில் போய்வருவது என்று பேச்சு எழுந்ததும் வீடே இரண்டுபட்டது.

என் மகன் செல்பேசியில் வரைபடத்தை விரித்தான். கோவில்பட்டி, எட்டயபுரம் வழியாகத் தூத்துக்குடி. அங்கிருந்து தெற்கே சுமார் 40 கிலோமீட்டரில் திருச்செந்தூர். பிறகு குலசேகரன்பட்டினம், மணப்பாடு, உவரி என்று கடலை இடப்பக்கம் வைத்துக்கொண்டே போனால் கன்னியாகுமரி. இரண்டு நாளில் ஒன்பது இடங்கள்! ராவணன் புஷ்பக விமானத்தில் போயிருந்தால்கூட இத்தனை இடத்தில் இறங்கியிருக்க மாட்டான்.

ஆளுக்கு ஒரு கோரிக்கை. மகளுக்குக் கன்னியாகுமரிக் கண்ணாடிப் பாலத்தில் நடக்க வேண்டும். விவேகானந்தர் பாறையையும் வள்ளுவர் சிலையையும் இணைத்து, 77 மீட்டர் நீளத்தில் 2024 டிசம்பரில் திறந்தார்களே, அதுதான். லீவுக்கு மதுரையிலிருந்து வந்திருந்த என் தங்கை மகனுக்கு, குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் தளம் அமையும் இடத்தை எட்ட நின்றாவது பார்க்க வேண்டும். மகனுக்குத் தூத்துக்குடி மீன்.

என் மனைவி நடைமுறைவாதி. "ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகாது. மீன் இனப்பெருக்கத்துக்காக 61 நாள் தடை. நாட்டுப் படகு கொண்டுவருவதுதான் கிடைக்கும். விலையைக் கேட்டால் நீ சாம்பார் போதும் என்பாய்" என்று மகனை அடக்கினாள்.

எனக்கும் ஓர் ஆசை இருந்தது. கன்னியாகுமரியில் சூரியன் கடலில் உதிப்பதையும் கடலில் மறைவதையும் ஒரே நாளில் பார்த்துவிட வேண்டும். அதற்கும் இடி விழுந்தது. வைகாசியில் சூரியன் வடக்கே ஒதுங்கிவிடுவதால், முக்கடல் துறையில் நின்றால் அது கரைப் பக்கமாகத்தான் இறங்குமாம். கடலில் மறைவதைப் பார்க்க ஐப்பசிக்கு மேல் வர வேண்டும். சூரியனும் கால அட்டவணைப்படிதான் வேலை செய்கிறான்.

இத்தனை அமர்க்களத்திலும் அம்மா முற்றத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது.

"ஆச்சி, நீங்களும் வாங்க!" என்றாள் என் மகள்.

"நான் எதுக்குத்தா? வீட்டுக்கு ஒரு ஆள் வேண்டாமா? பசு இருக்கு. கடல் எங்க போயிறப் போகுது? பெறவு பாத்துக்கிடலாம்."

நாங்கள் உடனே சமாதானம் அடைந்தோம். அதுதான் வெட்கக்கேடு. காரில் இருப்பது ஐந்து இடம். நான், மனைவி, பிள்ளைகள் இருவர், தங்கை மகன். கணக்கு சரியாக இருந்தது. ஆறாவது ஆளுக்கு இடமில்லை என்று எங்களில் ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியம் வராதபடி அம்மா பார்த்துக்கொண்டாள்.

அன்று இரவு நான் தனியாகக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தபோது அம்மா வந்தாள். கையில் ஒரு பழைய மஞ்சள் துணி. அதில் நான்கு முடிச்சுகள்.

"ஏய்யா, திருச்செந்தூர் போறயில்ல, இதை உண்டியல்ல போட்டுரு. முடிச்சை அவுக்காம அப்படியே போடு."

"என்னம்மா இது?"

"நேந்துக்கிட்டது. ஏழு வயசுல உனக்குக் காய்ச்சல் கண்டு பத்து நாளாக் கண்ணே முழிக்கலையே, அப்ப ஒண்ணு. உன் தங்கச்சி பிரசவத்துக்கு ஒண்ணு. பேரனுக்கு மஞ்சக்காமாலை வந்தப்ப ஒண்ணு."

"நாலாவது?"

"போன வருஷம் நீ கார் வாங்கினயில்ல? ராத்திரி பகல்னு ஓட்டுற பிள்ளை. ஒரு குறையும் வரக்கூடாதுன்னு."

எனக்குப் பேச்சு எழவில்லை. எந்தக் காரில் அம்மாவுக்கு இடமில்லையோ, அந்தக் காருக்கும் சேர்த்து அவள் காசு முடிந்து வைத்திருக்கிறாள்.

"நீ திருச்செந்தூருக்குக் கடைசியாப் போனது எப்பம்மா?"

"உனக்கு மொட்டை போட்டப்பதான். அம்பது வருஷத்துக்கு மேல ஆச்சே. உங்க அப்பாதான் அடுத்த தையில போகலாம், அடுத்த தையில போகலாம்னு சொல்லிட்டேயிருந்தாக."

அப்பா போய்ப் பன்னிரண்டு தை கழிந்துவிட்டது.

கடல் எங்கே போய்விடப் போகிறது என்று அம்மா கேட்டாளே, அது இரவெல்லாம் மனத்தில் உருண்டது. கடல் போகும். நாங்கள் போகவிருந்த அதே வழியில், சற்று உள்ளே தள்ளி ஏரலுக்குப் பக்கத்தில் கொற்கை இருக்கிறது. பாண்டியனின் துறைமுகம், முத்துக்காக யவனர்களும் அறிந்திருந்த ஊர். தாமிரபரணி கொண்டுவந்த வண்டல் படிந்து படிந்து கடல் சில மைல் விலகிப் போய்விட்டது. இன்று அங்கே நிற்பவன் அலையைக் கேட்பதில்லை, வயல்காற்றைத்தான் கேட்கிறான். கடலே அப்படியென்றால் எழுபத்தெட்டு வயதை என்னவென்று சொல்வது?

காலையில் மனைவியிடம் சொன்னேன். அவள் ஒரு நிமிஷம் பேசாமல் இருந்துவிட்டு, ஒன்பது ஊர்கள் இருந்த காகிதத்தை எடுத்தாள். பேனாவால் ஏழு ஊர்களை அடித்தாள். திருச்செந்தூரும், அதற்குத் தெற்கே மணப்பாடும் மட்டும் தங்கின. 1581இல் கட்டிய திருச்சிலுவைக் கோயில் குன்றின்மேல் நிற்க, அடியில் கடல் வளைந்து கிடக்குமே, அதை மட்டும் தனக்காக வைத்துக்கொண்டாள்.

"பையன்கள் ரெண்டு பேரும் திருநெல்வேலி போய் ரயிலில் வரட்டும். அத்தைக்குக் கால் நீட்டிக்கொள்ள இடம் வேண்டும்" என்றாள்.

1923இல் போட்ட பாதை அது என்றும், நூறு வருஷமாய் முருகனுக்கு ஆள் கொண்டுபோய்ச் சேர்க்கும் ரயில் என்றும் நான் ஆசைகாட்டினேன். அவசியமே இருக்கவில்லை. பெரியவர்கள் இல்லாத ரயில் என்றதும் அவர்கள் ராக்கெட்டையும் மீனையும் மறந்துவிட்டார்கள். மகள்தான் கண்ணாடிப் பாலத்துக்காகச் சிறிது நேரம் மூக்கை உறிஞ்சினாள். ஐப்பசியில், சூரியன் கடலில் மறையும் காலத்தில், கூட்டிப்போவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். பசுவைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்தாயிற்று.

அம்மாவிடம் போய், "நீயே வந்து உண்டியலில் போடு" என்றேன்.

"நான் எதுக்குய்யா?" என்று தொடங்கினாள். பிறகு எதையோ நினைத்துக்கொண்டவள்போல, "நாழிக்கிணத்துல இன்னும் தண்ணி நல்லாயிருக்கா?" என்று கேட்டாள்.

கடலை ஒட்டிய மணலிலே நல்ல தண்ணீர் ஊறும் சின்னக் கிணறு அது. ஐம்பது வருஷமாக அம்மா அதை மறக்கவில்லை.

"நீ வந்து குடிச்சுப் பாத்துச் சொல்லு" என்றேன்.

புறப்பட இன்னும் நான்கு நாள் இருந்தது. மறுநாள் விடியற்காலையில் கொடியில் அம்மாவின் நல்ல சேலை காய்ந்துகொண்டிருந்தது.