உடலும் சட்டமும்

அப்பாவின் ஸ்டாண்டர்ட் ஹெரால்டை அக்குவேறு ஆணிவேறாகப் பிரிக்கப்போகிறேன் என்று சொன்ன நாளிலிருந்து அவர் பின்கட்டுப் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டார். அவருக்கு எண்பத்தோரு வயது. கோபம் என்று சொல்ல முடியாது. பிரேதப் பரிசோதனையைப் பார்க்க யாருக்குத்தான் மனம் வரும்?

1967ஆம் ஆண்டு வண்டி. இரண்டு கதவுகள். வண்டலூருக்கு அருகே இருந்த ஸ்டாண்டர்ட் ஆலையில் 1961இல் தொடங்கிச் செய்யப்பட்ட ஹெரால்டுகளில் ஒன்று. அந்த ஆலை 1988இல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. அக்காலத்து இந்தியச் சாலைகளை ஆண்ட மூன்று கார்களில் அம்பாசிடருக்கும் ஃபியட்டுக்கும் தனியான அடிச்சட்டம் கிடையாது, கூடே சட்டம். ஹெரால்டு மட்டும்தான் சேஸிஸ் மேல் உடலை வைத்து போல்ட்டுகளால் முடுக்கிய வண்டி. இதற்குப் பின்னால் ஒரு வியாபாரச் சங்கடம் இருக்கிறது. இங்கிலாந்தில் ஸ்டாண்டர்ட் நிறுவனத்துக்கு உடல் செய்து கொடுத்துவந்த ஃபிஷர் அண்ட் லட்லோவை 1953இல் போட்டியாளரான பி.எம்.சி. வாங்கிவிட்டது. முழு உடலையும் ஓரிடத்தில் செய்ய வழியின்றி, துண்டு துண்டாகப் பல இடங்களில் செய்து சேர்க்கும்படி வண்டியை அமைத்தார்கள். இத்தாலியரான மிக்கெலோட்டி வரைந்த அந்த வடிவம் 1959இல் வெளிவந்தது. யாரோ எங்கோ பட்ட அவஸ்தையின் பயனாக, திருப்பருத்திக்குன்றத்தில் ஒரு வேப்பமரத்தடியில் என்னைப் போன்ற அரைகுறை ஒருவன் ஸ்பானரை மட்டும் நம்பி ஒரு காரின் உடலைக் கழற்ற முடிகிறது.

முடிகிறது என்று எழுதுவது எளிது. பானெட், இருக்கைகள், கதவுகள் எல்லாம் ஒரே வாரத்தில் வந்துவிட்டன. பிறகுதான் தெரிந்தது, கழற்றுவதல்ல, கழற்றியதை நினைவில் வைப்பதே வேலை என்று. உடலுக்கும் சேஸிஸுக்கும் நடுவே ஒவ்வொரு போல்ட்டைச் சுற்றியும் ரப்பரும் மெல்லிய தகடுகளும் இருக்கின்றன. ஓரிடத்தில் இரண்டு தகடு, இன்னோரிடத்தில் ஒன்று. அந்தக் கணக்கு மாறினால் நாளை கதவு பொருந்தாது. அடுத்த வீட்டுத் தறிக்காரர்தான் வழி சொன்னார். குழித்தறியில் பழைய பாவு முடியும்போது, அதன் ஒவ்வொரு இழையோடும் புதிய பாவின் இழையை முறுக்கிச் சேர்க்கிறார்கள். ஆயிரக்கணக்கான இழைகளில் ஒன்றுகூட இடம் மாறக் கூடாது. “சீட்டு எழுதினா எண்ணெய் பட்டு அழிஞ்சுடும் அண்ணா, முடிச்சு அழியாது” என்றார். கழிவுப் பட்டு நூல்களைக் கொண்டுவந்தார். இடப்பக்கத்துக்கு அரக்கு, வலப்பக்கத்துக்குப் பச்சை. முன்னிருந்து மூன்றாவது போல்ட் என்றால் மூன்று முடிச்சு. நிறம் மங்கிப்போயிருந்த மின்கம்பிகளுக்கும் அப்படியே. காஞ்சிப் பட்டு கட்டிய கார் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

தூக்கும் முன் கதவு வாசல்களின் குறுக்கே இரும்புப் பட்டைகளை முடுக்கினோம். சட்டத்தை விட்டுப் பிரிந்த உடலுக்குத் தன் வடிவத்தைத் தானே தாங்கும் வலு போதாது, நடுவில் மடிந்துவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தெருப் பிள்ளைகள் எட்டுப் பேர் வந்தார்கள். திரைலோக்கியநாதர் கோயிலைப் பார்க்க வந்திருந்த வெளியூர்க்காரர் ஒருவரும் வேலியோரம் நின்றுவிட்டார். அக்கோயிலின் சங்கீத மண்டபம் விஜயநகர அமைச்சர் இருகப்பர் 1387இல் கட்டியது. அங்கே விதானத்து ஓவியங்களை அண்ணாந்து பார்த்த கழுத்துவலி தீருமுன் இங்கே குனிந்து பார்க்க ஒன்று கிடைத்துவிட்டது அவருக்கு.

மூன்று பக்கமும் எழும்பியது. முன்புறம் இடப்பக்கம் மட்டும் அசையவில்லை. “இன்னும் கொஞ்சம்” என்று நான் கத்தினேன். ஏதோ இழுபடும் ஓசை. அப்போது வீட்டுக்குள்ளிருந்து அப்பாவின் குரல்:

“டேய், மீட்டர் கேபிளைக் கழட்டினியா?”

கழற்றவில்லை. கியர்பாக்ஸிலிருந்து வேகமானிக்குப் போகும் அந்தக் கம்பி விறைத்து நின்றது. இன்னும் ஒரு சாண் தூக்கியிருந்தால் அறுந்திருக்கும். ஓசையை மட்டும் கேட்டு எப்படிச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. மூன்று வாரமாக அவர் உள்ளே படுத்துக்கொண்டு ஒவ்வொரு போல்ட்டையும் எங்களோடு கழற்றிக்கொண்டிருந்தார் என்பது மட்டும் புரிந்தது.

உடலை மரக்கட்டைகள் மேல் இறக்கிய பிறகு சட்டத்தைப் பார்த்தேன். பின்புறம் உடலைத் தாங்கும் பக்கக் கைகளில் ஒன்றில் விரல் நுழைந்தது. பல வருடங்களுக்கு முன் பழுது பார்த்த பட்டறை ஒன்று, பெயர் வேண்டாம், துருவின் மேலேயே தகடு ஒட்டித் தார் பூசி மறைத்திருந்தது. அந்தத் தகட்டை நம்பித்தான் நாங்கள் குடும்பத்தோடு திருப்பதிவரை போய்வந்திருக்கிறோம்.

2021இல் வந்த மத்திய அரசு விதிப்படி, ஐம்பது ஆண்டு கடந்த வண்டியைப் பாரம்பரிய வாகனமாகப் பதிவு செய்யலாம். ஆனால் சேஸிஸிலோ உடலிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் கூடாது. அழுகியதை வெட்டி அதே கனத்தில் புது இரும்பு வைத்தால் அது பழுதுபார்த்தலா, மாற்றமா? தெரிந்தவர் இருவரைக் கேட்டேன். இரண்டு பதில் வந்தது. வெட்டாமல் விட்டால் வண்டி சாலைக்கு வரவே முடியாது. வெட்டுவது என்று முடிவு செய்தேன். அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்றுதான் விளங்கவில்லை.

சொல்ல வேண்டியிருக்கவில்லை. மாலையில் அவரே வந்தார். துளையில் விரல் விட்டுப் பார்த்தார். வேட்டியில் துடைத்துக்கொண்டார். “மூலைக்கு மூலை அளந்தியா? சட்டம் கோணியிருந்தா வெட்டி என்ன புண்ணியம்?” என்றார். டேப்பின் ஒரு முனையை அவர் பிடித்துக்கொள்ள, இரண்டு குறுக்குகளையும் அளந்தேன். நூலளவு வித்தியாசம் வந்தது. மறுபடி அளந்தபோது வரவில்லை. நான் சரியாகப் பிடிக்கவில்லை என்று மூன்றாம் முறையும் அளக்கச் சொன்னார்.