மணலில் உறங்கும் மீன்

கடல்மீனைத் தனிமைப்படுத்தி வைப்பதில் அப்படி என்ன சங்கதி இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. என் அப்பாவே கேட்டார். சிலியாவ் பக்கத்துத் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டும் அவருக்கு, பல்கலைக்கழகத்தில் உயிரியல் படிக்கும் மகன் விடுமுறையில் சிரம்பானில் ஓர் அலங்கார மீன் கடைக்கு வேலைக்குப் போனதே விளங்கவில்லை.

"அங்க என்னடா வேல?"

"புதுசா வர்ற மீனுக்கு நோய் இருக்கான்னு தனியா வெச்சுப் பார்க்கிறதுப்பா."

"மீனுக்கும் எம்சிஓவா?" என்றார். 2020 மார்ச் 18-இல் தொடங்கிய நடமாட்டக் கட்டுப்பாட்டை எங்கள் லயத்தில் இன்னும் யாரும் மறக்கவில்லை.

நோய் இருக்கிறது. கடல்மீன்களைத் தாக்கும் வெண்புள்ளி நோய்க்குக் காரணம் கிரிப்டோகேரியான் இரிட்டன்ஸ் என்ற ஒட்டுண்ணி. மீனின் தோலிலும் செவுளிலும் சில நாள் தின்று வளரும். பிறகு உதிர்ந்து அடித்தளத்தில் ஒட்டிக்கொண்டு கூடு கட்டும். ஒரே கூட்டிலிருந்து நூற்றுக்கணக்கான குஞ்சுகள் கிளம்பும். அதற்கு 3 நாளும் ஆகலாம், 28 நாளும் ஆகலாம், சில வேளை அதற்கு மேலும் ஆகும். அதனால்தான் தனிமைத் தொட்டியில் மணல் போடுவதில்லை. வெறும் கண்ணாடி, ஒளிந்துகொள்ள இரண்டு குழாய்த் துண்டுகள், அவ்வளவுதான். மணல் இருந்தால் கூடுகள் மறைந்துகொள்ளும். பவள மணலாக இருந்துவிட்டால், மருந்தாகக் கலக்கும் செம்பையும் அது உறிஞ்சிவிடும். இது நியாயமான விதிதான்.

ஆனால் எங்கள் கடைக்கு வரும் மஞ்சள் கிளிமீனுக்கு இது ஒத்துவராது. ஹாலிகோரஸ் கிரைசஸ் என்பது அதன் அறிவியல் பெயர். இந்தக் குடும்பத்து மீன்களை மலாயில் 'பாயான்' என்பார்கள், பாயானும் கிளிதான். (தமிழ்ப்பள்ளியில் தொடங்கித் தேசியப் பள்ளியில் முடித்தவனுக்கு இப்படி இரண்டு சொற்களை அருகருகே வைத்துப் பார்க்கும் பழக்கம் லேசில் போகாது.) பகலெல்லாம் ஓயாமல் சுற்றும் இந்த மீன், பொழுது சாய்ந்தால் தலைகுப்புற மணலில் பாய்ந்து முழுதாகப் புதைந்துகொள்ளும். விடிந்தால்தான் வெளியே வரும். பயந்தாலும் மணலுக்குள்தான் ஓடும். கண்ணாடித் தரையில் விட்டாலும் பாயத்தான் செய்யும்; அதற்கு வேறு வழி தெரியாது. வாய் புண்ணாகும், இரவில் மூலையில் ஒடுங்கிக் கிடக்கும், இரையெடுக்காது. நான் சேர்வதற்கு முன் வந்த மூன்றும் தனிமைத் தொட்டியிலேயே செத்துவிட்டனவாம். உடம்பில் ஒரு வெண்புள்ளிகூட இல்லையாம்.

இதை வீட்டில் சொன்னபோது பாட்டி கேட்டார்: "அதுக்குப் படுக்க எடம் குடுத்தீங்களாடா?" பாட்டிக்குத் தனிமைப்படுத்தல் என்றால் பினாங்கை அடுத்த பூலாவ் ஜெரெஜாக் தீவுதான். போருக்கு முன்பு கப்பலில் வந்த அவருடைய தாயாரை அங்கே வைத்திருந்த பிறகே தோட்டத்துக்கு அனுப்பினார்களாம். ஊரிலிருந்து கொண்டுவந்த கோரைப்பாயை விரித்துப் படுத்ததால்தான் அந்த நாள்களில் உறக்கம் வந்தது என்று கடைசிவரை சொல்வாராம்.

தவுக்கேயிடம் மணல் பேச்சை எடுத்தேன். மணல் போட்டால் பிறகு தனிமை எதற்கு என்றார். கேள்வி சரிதான். அந்த ஒட்டுண்ணி உதிர்வதும் கூட்டைவிட்டுக் கிளம்புவதும் பெரும்பாலும் இருட்டில், மீன் மணலுக்குள் கிடக்கும் அதே நேரத்தில். படுக்கையிலேயே ஆபத்தும் சேரும்.

ஆகவே தொட்டி முழுக்க மணல் வேண்டாம், ஒரு டப்பா போதும் என்றேன். இரண்டு பிளாஸ்டிக் டப்பாக்களில் நான்கு விரற்கடை ஆழத்துக்கு மெல்லிய சிலிகா மணல் நிரப்பினேன். பவள மணலைப் போல் சிலிகா செம்பை இழுக்காது. ஒன்று தொட்டிக்குள் இருக்கும்போது மற்றது நல்ல தண்ணீரில் அலசி வெயிலில் காயும். காய்ந்தால் கூடு பிழைக்காது. 3 நாளுக்கு ஒருமுறை, மீன் வெளியே சுற்றும் பகல் நேரத்தில், மாற்றிவிட வேண்டும். கூடு வெடிக்கும் முன் டப்பாவோடு வெளியேறிவிடும். கண்ணாடியில் ஒட்டியவற்றின் குஞ்சுகளைச் செம்பு பார்த்துக்கொள்ளும். செம்பின் அளவு லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் வரை. கிளிமீன் அதற்குச் சீக்கிரம் வாடும் என்பதால் சில நாள்களில் சிறுகச் சிறுக ஏற்றினோம். போர்ட்டிக்சன் கடற்கரையில் ஒரு வாளி மணல் அள்ளிவரலாமே என்றார் உடன் வேலை செய்தவர். அது சிப்பித் தூளும் இன்னும் என்னென்னவோ கலந்த மணல். வேண்டாம் என்றேன்.

அடுத்த முறை பாலியிலிருந்து இரண்டு வந்தன. அங்கும் இங்கும் கடிகாரம் ஒன்றே என்பதால், தூரதேசத்து மீன்களைப் போல் நேரம் குழம்பி நடுப்பகலில் உறங்கும் தொல்லை இல்லை. பையிலிருந்து விட்டதும் இரண்டும் டப்பாவுக்குள் பாய்ந்தன. முதல் நாள் வரவில்லை. இரண்டாம் நாளும் இல்லை. செத்திருக்கும், கிளறிப் பார் என்று தவுக்கே குச்சியை நீட்டினார். இவை பயம் தெளியும்வரை பல நாள் புதைந்திருப்பதுண்டு; கிளறினால் திரும்பப் பயம்தான். கெஞ்சித் தடுத்தேன்.

மூன்றாம் நாள் டப்பாவை மாற்றியாக வேண்டிய நாள். உள்ளே மீன். அன்று கடை திறந்ததிலிருந்து வேறு எந்த வேலையும் எனக்கு ஓடவில்லை. பத்து மணிக்கு மணல் லேசாக அசைந்தது. ஒரு மஞ்சள் மூக்கு, ஒரு கண். பத்து நிமிடம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு வெளியே வந்தது. மற்றதும் பின்னாலேயே வந்தது. ஆர்ட்டீமியா போட்டதும் தின்றன. டப்பாவை மாற்றினேன்.

அதன்பிறகு பெரிய கதை இல்லை. குதிக்காமலிருக்க மேலே வலை போட்டோம். இரவில் விளக்குகளைப் பட்டென்று அணைக்காமல் ஒவ்வொன்றாக அணைத்தோம். இருட்டுவதற்குள் படுக்கப் போக அவற்றுக்கு அவகாசம் வேண்டும். 30 நாள் கழித்து இரண்டும் விற்பனைத் தொட்டிக்குப் போயின.

செனவாங்கிலிருந்து ஒருவர் வாங்க வந்தார். வீட்டுத் தொட்டியில் மணல் உண்டா என்று கேட்டேன். இல்லை, கழுவ வசதியாக வெறும் கண்ணாடிதான் என்றார். நான் வாய் திறப்பதற்குள் தவுக்கே பின்கட்டுக்குப் போய் காய்ந்த டப்பாவை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தார். முதலில் இதைக் கொண்டுபோய் வை, மீனை அடுத்த வாரம் வந்து வாங்கிக்கொள் என்று மலாயில் சொன்னார்.