செகண்ட் ஹேண்ட் பாட்டரி

பொங்கலுக்கு தேவனாம்பட்டினம் போயிருந்தப்ப மாமாவோட மீன் வேன் செல்ஃப் எடுக்கலை. விடிகாலை 4 மணிக்குத் துறைமுகத்துல நிக்கலைன்னா அன்னிக்குப் பொழப்பு போச்சு. புது பாட்டரிக்குக் காசில்லை. "நீதான் இஞ்சினியராச்சே, வா"ன்னு வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் பண்ணி, கடலூர்ல பழைய பாட்டரி கடைக்குக் கூட்டிட்டுப் போனார். (நான் பொட்டி தட்டறவன்னு சொன்னா கேட்டாத்தானே!)

மீட்டர் வச்சேன். 12.6 வோல்ட். ஃபுல் சார்ஜ், எடுத்துக்கலாம்னேன். மாமா சிரிச்சார். "சும்மா கெடக்கறப்ப அப்படித்தான் காட்டும் மாப்ளே. மாட்டி செல்ஃப் அடி." அடிச்சதும் 8-க்கு விழுந்துச்சு. உள்ள தகடு தேஞ்சுபோனா வோல்ட் இருக்கும், இழுக்கத் தெம்பிருக்காது. அடுத்தது தாங்குச்சு, ஆனா ப்ளஸ் முனை எதிர்ப்பக்கம், கேபிள் எட்டலை. மூணாவதுதான் பொருந்துச்சு, செல்ஃப் அடிக்கிறப்பவும் 10.5-ல நின்னுச்சு.

மறுநாள் 4 மணிக்குப் போர்வைக்குள்ள காதைத் தீட்டிக்கிட்டுக் கெடந்தேன். ஒரே அடி. கிளம்பிருச்சு.