தயிர்சாதத்தில் ஒரு மாத்திரை

சுவாமிமலைக்குப் போயிருக்கிறீர்களா? கும்பகோணத்துக்குப் பக்கம். பேரில்தான் மலை, உண்மையில் அது கட்டுமலை. தமிழ் வருஷங்களின் பெயரில் 60 படிகள் ஏற வேண்டும். பிரணவத்துக்குப் பிள்ளை பொருள் சொல்ல, அப்பன் சிஷ்யனாக வாய்பொத்திக் கேட்ட இடம் என்பது ஐதீகம். அதனால்தான் முருகனுக்கு இங்கே தகப்பன்சாமி என்று பேர். 'பொடியன், உனக்கென்ன தெரியும்?' என்று சிவன் ஒதுக்கவில்லை. காதைக் கொடுத்தார்.

அந்த ஊரில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். மகன் சிலை வார்க்கும் பட்டறையில் மெழுகு வேலை செய்பவர். 23 வயதில் அவர் காதுக்குள் ஒரு குரல் பேச ஆரம்பித்தது. 'உன் சோத்துல என்னமோ கலக்குறாங்க' என்று திரும்பத் திரும்பச் சொன்னதாம். டாக்டர், மனச்சிதைவு நோய் என்றார். மகனோ, "எனக்கு நோயெல்லாம் இல்ல, இது பங்காளி வச்ச செய்வினை" என்று மாத்திரையைத் தொடவே மறுத்துவிட்டார்.

அம்மா என்ன செய்வார், சொல்லுங்கள்? மாத்திரையைப் பொடித்து தயிர்சாதத்தில் கலந்து போட்டார். ஏழெட்டு மாதத்தில் குரல் அடங்கியது. வீடு மூச்சுவிட்டது.

ஒருநாள் அம்மா பொடிப்பதை மகன் பார்த்துவிட்டார். சத்தம் போடவில்லை. வீட்டில் சாப்பிடுவதை மட்டும் நிறுத்திவிட்டார். தன் கையால் உரித்த வாழைப்பழம், தானே பிரித்த பிஸ்கட் பாக்கெட், அவ்வளவுதான். நோய் சொன்ன பொய்யை அன்பு உண்மையாக்கிவிட்டது.

அந்த அம்மாவிடம் மெல்லக் கேட்டேன். "கேட்டுக்கிட்டுதான் குடுக்கணும்னா, என் புள்ள இன்னிக்கு உயிரோட இருப்பானா தம்பி?" என்றார். சட்டென்று பதில் சொல்ல முடிகிற கேள்வியா இது?

ஆனால், 'அவங்க நல்லதுக்குத்தான்' என்ற வார்த்தை எதுவரை போகும் என்பதையும் தமிழ்நாடு பார்த்திருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6. ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் தீ. சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். சங்கிலி போட்டதற்கும் காரணம் கேட்டால், பாதுகாப்பு என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

இதற்கெல்லாம் அடியில் ஒரு கேள்வி இருக்கிறது. 'தனக்கு நோய் என்றே தெரியாதவனிடம் என்ன கேட்பது?' தனக்கு நோய் என்று உணர்வதை மனநல மருத்துவத்தில் 'இன்சைட்' என்பார்கள். செய்வினை என்று சொன்னால், இன்சைட் இல்லை என்று கேஸ் ஷீட்டில் எழுதிவிடுவது வழக்கம். டாக்டர் சொல்வதை ஒப்புக்கொண்டால்தான் இன்சைட்டா?

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் மனநலப் பேராசிரியராக இருந்த கே.எஸ்.ஜேக்கப், தொடர்ந்து இந்தக் கேள்வியைக் கேட்டு எழுதியவர். அவரும் சக ஆய்வாளர்களும் மனச்சிதைவு கண்ட 131 பேரிடம் பேசி, 2007-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 70 சதவீதம் பேர் சாமி, பில்லி, சூனியம் மாதிரியான காரணங்களைத்தான் சொன்னார்கள். ஒரே சமயத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட காரணங்களை நம்பியவர்களும் இருந்தார்கள். இதில் நமக்கென்ன ஆச்சரியம்? மஞ்சள்காமாலைக்கு மந்திரித்துக்கொண்டே ரத்தப் பரிசோதனைக்கும் போகிற ஜனங்கள்தானே நாம்! அவரவர் ஊர் நம்பிக்கையோடு சேர்த்துத்தான் இன்சைட்டை எடைபோட வேண்டும் என்பது ஜேக்கப்பின் வாதம்.

சுவாமிமலைப் பையனை மறுபடி கும்பகோணத்துக்கு அழைத்துப்போனார்கள். இந்தத் தடவை வேறு டாக்டர். செய்வினையா, நோயா என்ற பேச்சையே அவர் எடுக்கவில்லை. "உனக்கு எதுப்பா ரொம்பக் கஷ்டமா இருக்கு?" என்று கேட்டார்.

"தூக்கம் வரல சார். அதவிட, போன வருஷம் பூரா கை நடுங்குச்சு. மெழுகுல மூக்கே புடிக்க வரல. அதான் செய்வினைன்னு உறுதியா நெனச்சேன்."

கை நடுங்கியது மாத்திரையின் பக்கவிளைவு. வீட்டில் யாரும் அவரிடம் அதைச் சொல்லியிருக்க முடியாது. சொன்னால் குட்டு உடைந்துவிடுமே!

டாக்டர் வேறு மருந்து எழுதினார். "இது தூங்க வைக்கும், குரலையும் குறைக்கும். எடை கூடலாம். கை நடுங்குனா உடனே வந்து சொல்லு, மாத்திடலாம்." இன்று வரை தன் கையாலேயே போட்டுக்கொள்கிறார். செய்வினை என்ற நம்பிக்கை மட்டும் போகவில்லை. போகாவிட்டால் என்ன?

எல்லோருக்கும் இப்படி முடியாது. கேட்டுக்கொண்டிருக்க நேரமில்லாத ஆபத்தான ராத்திரிகள் உண்டு. 2017-ல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் அவசரச் சிகிச்சைக்கு வழி வைத்திருக்கிறது. அதே சட்டம் சங்கிலியைத் தடை செய்கிறது. ஒருவர் எடுக்கும் முடிவு மற்றவர்களுக்குத் தப்பாகப் படுகிறது என்பதாலேயே அவருக்கு முடிவெடுக்கும் திறன் இல்லை என்று சொல்லக்கூடாது என்கிறது. தெளிவாக இருக்கும்போதே, 'எனக்கு மனநோய் வந்தால் இப்படிச் செய்யுங்கள், இதைச் செய்யாதீர்கள். என் சார்பில் இவர் பேசட்டும்' என்று எழுதி வைக்கவும் உரிமை தருகிறது.

வீட்டுப் பத்திரம், எல்.ஐ.சி. நாமினி எல்லாம் சரிபார்த்து வைத்திருப்பீர்கள். இதையும் ஒருநாள் யோசியுங்கள். உங்கள் மனசு உங்கள் பேச்சைக் கேட்காமல் போகும் காலத்தில், உங்கள் பேச்சைக் கேட்க யாரை நியமிப்பீர்கள்? முக்கியமாக, உங்கள் தட்டில் சோறு போடுகிறவரிடம் இதை இன்றே சொல்லிவிடுவீர்களா?