லைசென்ஸைப் புரட்டிப் பார்த்தேன்!

"தாய்லாந்துக்குப் போய், வாடகை மோட்டார் சைக்கிளில் மலைப்பக்கமெல்லாம் சுற்றப் போறோம்மா" என்றான் மூத்தவன். முறுக்கு சுற்றிக் கொடுப்பதோடு என் வேலை தீர்ந்தது என்றுதான் நினைத்தேன்.

சர்வதேச லைசென்ஸுக்காக 4ஏ படிவத்தை அவன் நிரப்பும்போது, ஊர் லைசென்ஸைச் சும்மா புரட்டினேன். கார் ஓட்ட மட்டுமே அனுமதி. மோட்டார் சைக்கிளுக்கு இல்லை! இத்தனை நாள் அப்பாவின் வண்டியை எப்படி ஓட்டினான்? எனக்குத் திக்கென்றது.

"அதான் சர்வதேச லைசென்ஸ் வாங்கறேனே!" என்றான். இங்கே இல்லாத அனுமதி அதில் மட்டும் எப்படி வரும்? அதில் மோட்டார் சைக்கிளுக்கு 'ஏ', காருக்கு 'பி' என்று தனித்தனிப் பிரிவு. 'ஏ' இல்லாமல் ஓட்டி அடிபட்டால், பிரயாண இன்ஷூரன்ஸ் பணமும் பொதுவாகக் கிடைக்காது. அந்நிய ஊர் ஆஸ்பத்திரிச் செலவை நம்மால் தாங்க முடியுமா?

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். நான் விடவில்லை. பயணத்தைத் தள்ளிப்போட்டு, எல்.எல்.ஆர். எடுத்து, 30 நாள் கழித்து டெஸ்ட்டில் தேறிய பிறகே 1000 ரூபாய் கட்டி சர்வதேச லைசென்ஸ் வாங்கினான். அது ஓராண்டு செல்லும்.

"அங்கேயும் இடப்பக்கம்தான் ஓட்டணும், ஹெல்மெட் கட்டாயம். வண்டிக்கு ஈடாகப் பாஸ்போர்ட்டைக் கொடுத்துடாதே" என்று சொல்லி அனுப்பினேன்.

சகோதரிகளே, பிள்ளைகள் பெட்டி கட்டும்போது லைசென்ஸையும் ஒருதரம் புரட்டிப் பாருங்கள்!